வடை போனதை எத்தனை விதமாகச் சொல்லலாம்?

(வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வருவதற்கு முன்னால் நீங்கள் எழுதி அனுப்பிய கேள்விகளைப் படித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு மாதிரி எழுதியிருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே கவலைதான். பிள்ளை வாய் ஓயாமல் பேசுகிறது. புத்தகமும் கையுமாகத் திரிகிறது. நோட்டை எடுத்து எழுதச் சொன்னால் மட்டும் 'ராமு கடைக்குப் போனான். ராமு பேனா வாங்கினான். ராமு வீட்டுக்கு வந்தான்' என்று எழுதி வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தலாம். அந்தச் சமாதானம் வேண்டாம் என்றுதானே வீட்டில் உட்கார்ந்து நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள்!

இதற்கு வைத்தியமாக இரண்டு பயிற்சிகளைப் பலரும் கையாளுகிறீர்கள். ஒன்று, ஒரே வாக்கியத்தைப் பல விதமாக மாற்றி எழுதுவது. இன்னொன்று, படித்த கதையைச் சொந்த நடையில் திரும்பச் சொல்வது. இரண்டும் நல்ல பயிற்சிகள். கொடுக்கிற விதத்தில்தான் கோளாறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதை முடிவு செய்யாமல் ஒரு வாக்கியத்தை மாற்றச் சொல்வது வெட்டி வேலை. ஆங்கில வாக்கியம் எந்த இடத்தில் வளையுமோ அந்த இடத்தில் தமிழ் வாக்கியத்தையும் வளைக்கப் பார்ப்பது இன்னொரு வெட்டி வேலை.

பயிற்சி ஒன்றும் புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம் நகரத்தில் குவின்டிலியன் என்றோர் ஆசிரியர் இருந்தார். ஸ்பெயின் பகுதியில் பிறந்தவர், வெஸ்பாசியன் பேரரசர் காலத்தில் அரசாங்கச் சம்பளத்தில் பேச்சுக்கலை கற்பித்தவர். ஒரு பேச்சாளனைக் குழந்தைப் பருவத்திலிருந்து எப்படி வளர்ப்பது என்று 12 பாகங்களில் நூல் எழுதினார். அதில் முதல் பாகத்திலேயே நம்முடைய விஷயம் வந்துவிடுகிறது. ஈசாப் கதைகளைப் பிள்ளைகள் எளிமையாக, மிகைப்படுத்தாமல் வாயால் சொல்லிப் பழகட்டும். பிறகு அதே எளிமையோடு எழுதட்டும். அதற்கடுத்து ஒரு கவிதையின் யாப்பைக் கலைத்துப் பார்க்கட்டும், அப்புறம் சொற்களை மாற்றட்டும். கடைசியாகக் கொஞ்சம் துணிந்து, சில இடம் சுருக்கி, சில இடம் விரித்து, கவிஞன் கருதிய பொருள் மட்டும் கெடாமல் தம் போக்கில் எழுதட்டும். இவ்வளவும் அவர் சொன்ன வரிசை. கைதேர்ந்த ஆசிரியர்களுக்கே இது கடினம் என்றும், இதைச் சரிவரச் செய்துவிட்ட மாணவனுக்கு வேறு எதைக் கற்பதும் சிரமமாக இராது என்றும் கூடவே சொல்லிவைக்கிறார்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். வாய் முந்தி, கை பிந்தி. சொல்லுக்குச் சொல் மாற்றுவது எவ்வளவோ படிகள் தாண்டித்தான் வருகிறது. நம் வீடுகளில் அதுதான் முதல் படியாக இருக்கிறது. 'அரசன்' என்று இருக்கிற இடத்தில் 'வேந்தன்' என்று போடு, 'காடு' என்பதை 'வனம்' ஆக்கு, சொந்த நடை வந்துவிட்டது! இது நடை இல்லை, அகராதி புரட்டுவது. பிள்ளையின் காதில் விழாத சொல் பிள்ளையின் தாளில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஐரோப்பாவில் இந்தப் பயிற்சிகள் பல நூற்றாண்டுகள் ஓடின. நான்காம் நூற்றாண்டில் அஃப்தோனியஸ் என்ற கிரேக்க ஆசிரியர் 14 படிகளாக வகுத்துக் கொடுத்த பயிற்சி நூலில் முதல் படி நீதிக்கதைதான். 1512இல் பாரிஸில் எராஸ்மஸ் ஒரு பாடநூல் வெளியிட்டார். லண்டனில் ஜான் காலெட் நிறுவிய செயின்ட் பால் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியது. 'உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன்' என்கிற அளவில் பொருள் தரும் ஒரு சாதாரண லத்தீன் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றிக் காட்டுகிறார். படித்தால் மூச்சு முட்டும். சில வடிவங்களை எந்த மனிதனும் எந்தக் கடிதத்திலும் எழுதமாட்டான். அது எராஸ்மஸுக்கும் தெரியும். அதனால்தான் நூலின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை வைக்கிறார். சொல்வளத்தைத் தேடிப் போகிறவர்கள் பலர் வெற்று வளவளப்பில் போய் விழுகிறார்கள் என்கிறார். பல விதமாகச் சொல்லத் தெரிந்தவனால்தான் சுருக்கமாகவும் சொல்ல முடியும் என்பது அவர் வாதம். வீட்டில் பயிற்சி தருகிற நமக்கு அந்த நூறு வாக்கியங்களைவிட இந்த எச்சரிக்கை முக்கியம்.

இந்தப் பழைய சரக்கு நம் மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தது? 1947இல் ஆக்ஸ்போர்டில் டோரதி சேயர்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர். பழைய கல்விமுறையின் கருவிகளைத் தொலைத்துவிட்டோமே என்று பேசிய அந்த உரை, பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வீட்டுக்கல்விக்காரர்கள் கையில் கிடைத்து, ஒரு தனி மரபாகவே வளர்ந்துவிட்டது. 1999இல் ஜெஸ்ஸி வைஸ் என்ற தாயும், அவர் வீட்டிலேயே படிப்பித்து வளர்த்த மகள் சூசன் வைஸ் பாவரும் சேர்ந்து எழுதிய 'தி வெல் ட்ரெயின்ட் மைண்ட்' என்ற பெரிய வழிகாட்டி உங்களில் சிலர் வீட்டு அலமாரியில் இருக்கும். அந்த மரபில் வந்த பயிற்சிப் புத்தகங்களும் இருக்கும். நல்ல புத்தகங்கள்தான். ஆனால் அவை ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொடுக்க வந்தவை.

அந்தப் புத்தகங்கள் சில ஒரு பட்டியல் தருகின்றன. ஒரு வாக்கியம் வினையடையில் தொடங்கட்டும், அடுத்தது வேறு வகைத் தொடரில் தொடங்கட்டும், ஒன்று மிகக் குட்டையாக இருக்கட்டும், இப்படி. ஆங்கிலத்துக்கு அது நியாயம். ஆங்கிலத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் மூன்றும் தத்தம் இடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை. எழுவாய்க்கு முன்னால் இருக்கிற கொஞ்ச இடம்தான் எழுதுகிறவர் விளையாடுகிற இடம். தமிழில் அப்படியா? வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டிருப்பதால் பெயர்ச்சொற்கள் எங்கே போய் நின்றாலும் தம் வேலையை விடுவதில்லை. தொடக்கத்தை மாற்றுவது நமக்கு மிகச் சுலபம், அதனாலேயே அதில் பெரிய பலன் இல்லை. 'வேகமாக ராமு கடைக்குப் போனான். கடைக்கு ராமு வேகமாகப் போனான். ராமு வேகமாகக் கடைக்குப் போனான்.' பட்டியல்படி மூன்று விதம். ராமு இன்னும் அதே ராமுதான்.

தமிழ் வாக்கியத்தில் விஷயம் இருப்பது பின்பக்கம். வினைமுற்றிலும் அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்கிற இடத்திலும். இதை ஒரு கதையை வைத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பாட்டி வடை சுட்ட கதைதான், சிரிக்காதீர்கள். கிரேக்கத்து ஈசாப் மரபில் காக்கையின் வாயில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ இருக்கும். புத்த ஜாதகக் கதை ஒன்றில் காக்கை நாவல் மரத்தில் உட்கார்ந்து பழம் தின்னும், நரி கீழே நின்று புகழும், காக்கையும் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து பழத்தை உலுக்கிப் போடும். நம்மிடம் வடை, அதைச் சுட ஒரு பாட்டி. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். கதையைத் திரும்பச் சொல்கிறவர்கள் எதை மாற்றினார்கள், எதைத் தொடவில்லை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தின்பண்டம் மாறுகிறது, ஆள் கூடுகிறது, முடிவுகூட மாறுகிறது. புகழ்ச்சிக்கு மயங்கிப் பண்டம் கைமாறுவது மட்டும் மூன்றிலும் நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகூட இதைக் கண்டுபிடித்துவிடும். கதையைத் தன் சொல்லில் சொல்வது என்றால் என்ன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது ஒரு வாக்கியம். 'காக்கை வடையை எடுத்தது.' சொற்களை இடம் மாற்றுவோம். 'வடையைக் காக்கை எடுத்தது.' வினைக்கு ஒட்டி இப்போது காக்கை நிற்கிறது, அழுத்தம் அதன்மேல் விழுகிறது. வடையை யார் எடுத்தது என்ற கேள்விக்கு இது பதில். முந்தியது, காக்கை எதை எடுத்தது என்ற கேள்விக்குப் பதில். 'வடையை எடுத்தது காக்கை' என்று வினையையே பெயராக்கிக் காக்கையைக் கடைசிக்குத் தள்ளினால் தீர்ப்புச் சொல்கிற தோரணை வந்துவிடுகிறது. வடையைத் தின்றது பாட்டியின் பேரன்தானோ என்ற சந்தேகம் தீர்ந்த மாதிரி. மூன்று வடிவத்தையும் பிள்ளையிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேளுங்கள். நம் பாடநூல்களில் வாக்கிய மாற்றம் என்று ஒரு பயிற்சி உண்டு: செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கு, நேர்கூற்றை அயற்கூற்று ஆக்கு, தனி வாக்கியங்களைக் கலவை வாக்கியம் ஆக்கு. எல்லாம் சரி, ஆக்கியது எதற்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் அது எழுத்துப் பயிற்சி. கேட்காவிட்டால் இலக்கணத் தேர்வு.

அடுத்து வினைமுற்றின் வால். இங்கேதான் தமிழ் தன் செல்வத்தையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறது. 'எடுத்தது' என்றால் வெறும் செய்தி. 'எடுத்துவிட்டது' என்றால் காரியம் முடிந்துபோயிற்று, இனி அழுது பயனில்லை. 'எடுத்துக்கொண்டது' என்றால் தனக்கென்று எடுத்தது, கொஞ்சம் உரிமையோடு. 'எடுத்துவைத்தது' என்றால் காக்கைக்குப் பிற்பாடு ஏதோ திட்டம் இருக்கிறது. 'எடுத்துப் பார்த்தது' என்றால் சூடு எப்படி என்று சோதித்த மாதிரி. 'எடுத்துத் தொலைத்தது' என்னும்போது சொல்கிறவருக்குக் கோபம். 'எடுத்திருக்கிறது' என்றால் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை, தட்டில் ஒன்று குறைவதை வைத்து ஊகிக்கிறார்கள். 'எடுத்ததாம்' என்றால் ஊரார் சொல்லக் கேட்டது, பொறுப்பு என்னுடையதல்ல. காக்கை செய்த வேலை ஒன்றுதான். மாறுவதெல்லாம் சொல்கிறவர் எங்கே நிற்கிறார், என்ன மனநிலையில் நிற்கிறார் என்பது. இறக்குமதிப் பட்டியல் எதிலும் இது வராது. வீட்டில் பேசுகிற பேச்சில் இத்தனையும் பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே அத்துப்படி. எழுதும்போது மட்டும் ஏன் 'போனான், வாங்கினான், வந்தான்' என்று வறண்டு போகிறது? எழுத்தில் இந்த வால்களுக்கு அனுமதி இல்லை என்று நாம்தான் எப்படியோ பழக்கிவிட்டிருக்கிறோம்.

அதனால்தான் ஆளை முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன். பாட்டி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறாள்: "ஏ மரகதம், கண்ணு மூடித் தெறக்கிறதுக்குள்ள ஒரு வடையைக் கொத்திட்டுப் போயிருச்சுடி அந்தச் சனியன்!" பேரன் அம்மாவிடம் சொல்கிறான்: "தட்டுல ஒண்ணு கொறையுதும்மா. காக்கா வந்திருக்கும்போல." அவன் உதட்டில் எண்ணெய் மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டியது அம்மாவின் பொறுப்பு. காக்கை தன் குஞ்சுகளிடம் பெருமையடிக்கிறது: "கிழவி அந்தப் பக்கம் திரும்பினா. நமக்கு அது போதாதா?" யாராவது மனு எழுதினால்: "மேற்படி வடையானது காகம் ஒன்றினால் எடுத்துச் செல்லப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." செயப்பாட்டுவினைக்குத் தமிழில் உள்ள இடம் ஏறக்குறைய அந்த மனுதான். வீட்டில் யாரும் 'வடை எடுக்கப்பட்டது' என்பதில்லை. 'வடை போச்சு' என்பார்கள், 'பாட்டி ஒரு வடையைப் பறிகொடுத்தாள்' என்பார்கள். யாரும் யாரிடமும் சொல்லாத வாக்கியங்களாக இருபது எழுது என்றால் பிள்ளை செத்த வாக்கியங்களைத்தான் எழுதும். நாலே பேர், நாலே வாக்கியம் போதும்.

பேச்சுத்தமிழில் சொல்லலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், முதல் முறை அப்படித்தான் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதல் மொழிமாற்றமே பேச்சுத்தமிழிலிருந்து எழுத்துத்தமிழுக்கு. அது போதுமான வேலை. இதில் எனக்குத் துணை சார்லட் மேசன். 1842 முதல் 1923 வரை வாழ்ந்த ஆங்கிலக் கல்வியாளர். வீட்டுக்கல்வியைப் பற்றி 1886இல் நூல் எழுதியவர், 1892இல் ஆம்பிள்சைடில் ஆசிரியைகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். அவர் முறை எளிது. கதையை ஒரே ஒரு முறை படித்துக் காட்ட வேண்டும். பிள்ளை உடனே திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லும்போது குறுக்கே புகுந்து திருத்தக் கூடாது. ஒரு முறைதான் என்று தெரிந்தால் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆறு வயதிலிருந்து வாயால் சொல்வது, பத்து வயதை ஒட்டித்தான் எழுத்து. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பாடம் நடத்துவதை அவர் அடியோடு வெறுத்தார்.

குறுக்கே புகாமல் இருப்பது நமக்கு மிகவும் கஷ்டம். 'நரி வந்துச்சு, அப்புறம் வந்து, அப்புறம்' என்று பிள்ளை தடுமாறும்போது வார்த்தையை எடுத்துக்கொடுக்க நாக்கு துடிக்கும். துடிக்கட்டும். அந்த 'அப்புறம் வந்து' என்கிற இழுவையில் பிள்ளை அடுத்த வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துக்கொடுத்தால் அது உங்கள் வாக்கியம்.

எழுத்துக்கு வருவோம். இங்கே எனக்குப் பிடித்த மாணவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1706இல் பாஸ்டனில் பிறந்தவர். பத்து வயதோடு படிப்பை நிறுத்தி, அப்பாவின் மெழுகுவர்த்தி, சோப்புத் தொழிலில் ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டார்கள். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். நண்பன் ஒருவனோடு கடிதத்தில் வாதம் செய்துகொண்டிருந்ததை அப்பா பார்த்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதிலும் நிறுத்தக்குறியிலும் நீ தேவலாம், நடையிலும் தெளிவிலும் அவன்தான் மேல் என்று சொல்லிவிட்டார். பையனுக்கு உறைத்தது. 1711, 1712 ஆண்டுகளில் அடிசனும் ஸ்டீலும் லண்டனில் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' கட்டுரைகளின் ஒரு தொகுதி கையில் கிடைத்தது. பிறகு அவர் செய்ததை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொல்லில் குறித்துக்கொள்வார். அந்தத் தாளைச் சில நாள் மூடி வைத்துவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் திரும்ப எழுதுவார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு, தாம் சறுக்கிய இடங்களைத் திருத்துவார். சொல் பற்றாக்குறை தெரிந்ததும் கதைகளைச் செய்யுளாக்கி, மறந்தபின் மறுபடி உரைநடை ஆக்குவார். சில சமயம் குறிப்புகளைக் கண்டபடி கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்திப் பார்ப்பார். வேலைக்கு முன்னும் பின்னும் ஞாயிற்றுக்கிழமையும்தான் இதற்கு நேரம். எங்கேயோ ஓரிரு இடத்தில் மூலத்தைவிட நன்றாக எழுதிவிட்டதாக அவருக்கே தோன்றியதாம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் குறிப்பெடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு உயிர்நாடியாகத் தெரிவது 'சில நாள் மூடி வைத்தார்' என்பதுதான். அன்றைக்கே திரும்ப எழுதினால் மூலத்தின் சொற்கள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். பிள்ளை ஒன்று காப்பியடிக்கும், அல்லது காப்பியடிக்கவில்லை என்று காட்டுவதற்காகச் சொற்களை வலிந்து மாற்றும். நாலு நாள் போனால் சொற்கள் உதிர்ந்துவிடும், கதை நிற்கும். அப்போது வருகிற வாக்கியம்தான் பிள்ளையின் சொந்த வாக்கியம். முக்கால் மணி நேரப் பாடவேளையில் பள்ளிக்கூடம் இதைச் செய்ய முடியாது. படி, உடனே எழுது, நோட்டை வை, மணி அடித்துவிட்டது. மறப்பதற்கு நேரம் கொடுக்க முடிகிற ஒரே பள்ளிக்கூடம் வீடு. திங்கட்கிழமை கதையைப் படித்துக் குறிப்பெடுத்தால், வெள்ளிக்கிழமை வரை அந்தப் புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? ஒரு வாக்கியத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். முழு வாக்கியமாகக் குறித்துக்கொண்டால் அது குறிப்பு அல்ல, நகல்.

ஆங்கிலத்தில் அதிகம் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இளவரசியாக இருந்த எலிசபெத்துக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொன்ன ரோஜர் ஆஸ்கம் வலியுறுத்திய வழி அது. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, சற்று இடைவெளி விட்டு, மறுபடி லத்தீனுக்கே கொண்டுபோய் மூலத்தோடு ஒப்பிடச் சொன்னார். அவர் இறந்தபின் 1570இல் வெளியான நூலில் இது விரிவாக இருக்கிறது. நம் பிள்ளைகள் ஓர் ஆங்கிலக் கதையைத் தமிழில் எழுதி, ஒரு வாரம் கழித்துத் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குப் போகலாம். தமிழ்க் கதையை எடுத்துக்கொண்டு திசையை மாற்றியும் செய்யலாம். எந்த மொழி எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். 'எடுத்ததாம்' என்பதில் உள்ள அந்த 'ஆம்' ஆங்கிலத்துக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கே இதை ஒரு தடவை செய்யலாம்.

ஒரு வேடிக்கை. இதே ஆஸ்கம், கதையை அதே மொழியில் வேறு சொல்லில் எழுதுவது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார். அவருக்கு முன்னோடி உண்டு. பழைய ரோமின் சிசரோ எழுதிய நூலில் வரும் கிராசஸ் என்ற பேச்சாளர், இளமையில் என்னியஸின் கவிதையையும் கிராக்கஸின் சொற்பொழிவையும் படித்துவிட்டுச் சொந்தச் சொல்லில் சொல்லிப் பழகியதாகவும், பிறகு கைவிட்டுவிட்டதாகவும் சொல்கிறார். காரணம் எளிது. இருக்கிற சொற்களில் மிகச் சிறந்ததை ஆசிரியர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். அதே சொல்லைப் போட்டால் பயனில்லை, வேறு சொல்லைப் போட்டால் மட்டமான சொல்லுக்குப் பழகுகிறோம். இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. குவின்டிலியன் இதற்குப் பதில் சொன்னார். ஒரு பொருளை நன்றாகச் சொல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு என்று நினைக்கும் அளவுக்கு மொழி ஏழையல்ல என்றார். மெழுகு ஒன்றாகவே இருக்க, அதையே விதவிதமான உருவங்களாகப் பிடிப்பதைப் போல ஒரே பொருளைப் பல வடிவில் வனையலாம் என்றும் சொன்னார். நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். ஒற்றை வாக்கிய அளவில் கிராசஸ் சொல்வது பல சமயம் உண்மை. கதை முழுவதும் என்று வரும்போது குவின்டிலியன் பக்கம்தான் நியாயம். ஏனென்றால் கதையைத் திரும்பச் சொல்லும்போது மாறுவது சொல் மட்டுமல்ல, கேட்பவரும் மாறுகிறார்.

நம் உரைநடையே அப்படி வளர்ந்ததுதான். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட சேக்கிழாரின் பெரியபுராணத்தை ஆறுமுக நாவலர் உரைநடையாக்கி 1852இல் வெளியிட்டார். குவின்டிலியன் சொன்ன யாப்பைக் கலைக்கிற படி அதுதான். செய்யுள் படிக்கப் பயிற்சியில்லாதவர்களும் வாசிக்கட்டும் என்று கேட்பவரை முதலில் முடிவு செய்துகொண்டு எழுதினார். பிள்ளைகளுக்கென்று அவரே எழுதிய பாலபாடங்களில் நடை வேறு மாதிரி இருக்கும். நூறு ஆண்டு கழித்து ராஜாஜி ராமாயணத்தைப் பத்திரிகை வாசகருக்குச் சொன்னார். 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சக்கரவர்த்தித் திருமகன்' அது. வால்மீகி ஓரிடத்தை எப்படிச் சொன்னார், கம்பர் எப்படிச் சொன்னார் என்று நடுநடுவே ஒப்பிட்டுக்கொண்டே போவார். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் அந்த ஒப்பீடுகளை ஒரு மாதம் படித்தால் நான் இங்கே பேசுவதற்கு அவசியமே இருக்காது.

செல்போனில் கேட்டால் ஒரு நொடியில் கதையை வேறு நடையில் எழுதித் தருகிறதே என்று பின்வரிசையில் ஒருவர் முகத்தில் கேள்வி தெரிகிறது. தரும். அதை வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்து, இதை யார் யாரிடம் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த மனு எழுதியவராகத்தான் இருப்பார்.

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ வேறு வழியாகவோ பிள்ளை பத்தாம் வகுப்பு எழுத வேண்டியிருந்தால், மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக என்ற கேள்விக்குத் தனியாகத் தயார் செய்ய வேண்டியதில்லை. நாலு நாள் மறந்துவிட்டு எழுதிப் பழகிய பிள்ளைக்குச் சுருக்கம் தானாகவே வந்திருக்கும். மறதி தேவையில்லாததைத்தான் முதலில் தள்ளுகிறது. சொற்களை எண்ணிப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

கடைசியாக, பிள்ளை மாற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கிற வாக்கியம். இது வரும், வந்தால் நல்லது. கதையில் நரி பாடச் சொல்கிறது. 'காக்கை வாயைத் திறந்தது. வடை விழுந்தது.' இதை வேறு விதமாக எழுது என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து, 'காக்கை பாடுவதற்காகத் தன் அலகைத் திறந்தபோது அதிலிருந்த வடை கீழே விழுந்துவிட்டது' என்று உங்கள் மகள் எழுதிப் பார்க்கிறாள். உதட்டைப் பிதுக்குகிறாள். பழையதே இருக்கட்டும் என்கிறாள். அடம் என்று நினைத்து அதட்டாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். "இதுல வடை ரொம்ப மெதுவா விழுதும்மா" என்று அவள் சொன்னால், அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போகலாம்.